கூத்து ஆட காசு வருது, கூத்து கத்துக்க காசு எங்கேருந்து வரும்?

செய்யாத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்குங்க. எங்க ஊரு செய்யாறு பக்கம், நான் இப்ப ஒரகடத்துல வேலை பாக்குறேன். போன சித்திரையில லீவு போட்டுட்டு ஊருக்கு போயிருந்தேன், திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழா. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாகுற படுகளம், சாயங்காலம் தீமிதி. சின்ன வயசுல பாத்த அதே மாதிரிதான், தலைக்கட்டுக்கு இவ்ளோன்னு வரி, அது போக ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு குடும்பம் உபயம்.

துகில் உரிதல் அன்னிக்கு ராத்திரி நடந்ததைச் சொல்றேன். மணி ரெண்டு இருக்கும். எனக்கு முன்னாடி பாயில உக்காந்திருந்த ஒரு ஆயா முந்தானை முடிச்சை அவுத்து நாலா மடிச்ச பத்து ரூபா நோட்டு ஒண்ணை எடுத்து, மெதுவா எழுந்து போயி கூத்தை நடத்திக்கிட்டுப் போற கோமாளி, கட்டியங்காரன் காதுல ஏதோ சொல்லிட்டு வந்து உக்காந்துச்சு. அவர் ஆட்டத்தை நிறுத்தினார், ஹார்மோனியப் பெட்டிக்காரர் சுருதியை மட்டும் புடிச்சுக்கிட்டு இருந்தார். "இன்னாருடைய பேரன் பேர்ல பத்து ரூபா அன்பளிப்பு, அவங்க குடும்பம் அம்மன் அருளால நல்லா இருக்கணும்"னு சொன்ன உடனே மத்தளத்துல ஒரு தட்டு. அந்த ஆயா முகத்தைப் பாக்கணுமே. அப்புறம் துச்சாதனன் விட்ட எடத்துலேருந்து திரும்ப ஆரம்பிச்சான்.

விடிஞ்சப்புறம் திரைக்குப் பின்னாடி போனேன். வாத்தியார் தேங்காண்ணெய் தடவி அரிதாரத்தை துடைச்சுக்கிட்டு இருந்தார். தோள்ல கட்டுற புஜக்கட்டை, கிரீடமெல்லாம் பொட்டிக்குள்ள போயிருந்துச்சு. நல்லா இருந்துச்சு வாத்தியாரேன்னேன். "நல்லா இருந்துச்சுப்பா, அடுத்து யாரு ஆடுவா"ன்னு கேட்டார். அவர் ஜமாவுல, அதான் கூத்துக் குழுவுல, சின்னவருக்கே முப்பத்தஞ்சு வயசு தாண்டிடுச்சு. அஞ்சாறு பசங்க கத்துக்கறோம்னு வந்து நிக்கிறாங்களாம். "ஐப்பசியிலேருந்து மார்கழி வரைக்கும் எனக்கு ஆட்டம் இல்ல, அப்பதான் உக்காத்தி வெச்சு ஆட்ட அடவு சொல்லித்தர முடியும். ஆனா அந்த மூணு மாசம் எங்க வீட்லயே உலை கொதிக்கிறது கஷ்டம், இதுல ஆறு புள்ளைங்களுக்கு எங்க போவேன்"னார்.

அப்பலேருந்து இதேதான் யோசனை. மேடை இருந்தா காசு குடுக்க ஊரே இருக்கு, பேர் சொல்லி கூப்பிட்டா பத்து ரூபாயும் வருது, பத்தாயிரமும் வருது. மேடை இல்லாத மாசத்துலதான் கலை அடுத்த ஆளுக்கு கை மாறுது, அந்த மாசத்துக்கு ஒருத்தரும் உபயம் எழுதுறதில்ல. இதுக்கு என்ன வழி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனைமரம்:
நல்ல பதிவு சகோ, ஆனா எனக்கு ஒரு கேள்வி. ஜனங்களுக்கு வேணும்னா காசு குடுத்துப் பாப்பாங்க, சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கல? யாரோ ஒருத்தர் நன்கொடை குடுத்தாதான் உயிரோட இருக்கும்னா அந்தக் கலைக்கு சொந்தக் கால் இல்லைன்னுதானே அர்த்தம். கோபமா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

ஹார்மோனியப்பெட்டி:
பனைமரம் தம்பி, கேக்க வேண்டிய கேள்விதான். எங்க தாத்தா ஸ்பெஷல் நாடகத்துல பின்பாட்டுக்காரர், அந்த வழியில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

டிக்கெட்டை மட்டும் நம்பி இருந்த கலை நம்மகிட்டயே இருந்துச்சே. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துல சின்னப் பசங்களை வெச்சே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிங்க எல்லாம் என்ன? கொட்டகை போட்டு, டிக்கெட் போட்டு, ஊர் ஊரா மாசக்கணக்குல ஆடினாங்க. 1918ல மதுரையில சுவாமிகள் ஆரம்பிச்ச பால சபாவுலதான் பின்னாடி பெரிய நாடக நடிகருங்க ஆன டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையங்களா போய் சேந்தாங்க. சோறு, தங்குற எடம், பாட்டு, வசனம் எல்லாம் கம்பெனிக்குள்ளயே, அதாவது பள்ளிக்கூடமும் அதுதான் தொழிலும் அதுதான். வசூல் இருந்த வரைக்கும் அது ஓடுச்சு. 1931ல பேசும் படம் வந்துச்சு, அப்புறம் நாடகக் கொட்டகை ஒவ்வொண்ணா சினிமாக் கொட்டகை ஆயிடுச்சு, கம்பெனிங்க கலைஞ்சு நடிகருங்க சினிமாவுக்குப் போயிட்டாங்க. டிக்கெட் போனதும் பள்ளிக்கூடமும் கூடவே போயிடுச்சு. ஆனா தலைக்கட்டு வரியிலயும் உபயத்துலயும் நடந்த கூத்து இன்னிக்கும் செய்யாத்துல விடிய விடிய நடக்குதுன்னு மேல எழுதியிருக்காரே. சொந்தக் கால் எதுக்கு இருந்துச்சுன்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

பாட்டு பக்கம் ஒரு உதாரணம், பாடகி பெங்களூர் நாகரத்னம்மாள். திருவையாத்துல தியாகராஜர் சமாதி பாழடைஞ்சு கிடக்குன்னு கேள்விப்பட்டு தன் சொத்து, நகையெல்லாம் போட்டு எடத்தை வாங்கி கோயிலா கட்டினாங்க. அதே எடத்துல பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு ரொம்ப காலம் தடுத்தாங்க, அதையும் எதிர்த்து நின்னாங்க. 1952ல அந்த அம்மா போனாங்க, அவங்க சமாதியும் அங்கயே, தியாகராஜருக்கு எதிர்ல இருக்கு. இன்னிக்கு ஆராதனையில ஆயிரம் பேரு உக்காந்து பஞ்சரத்னம் பாடுற மண்ணு ஒரு தேவதாசி குலத்து அம்மாவோட நகையில வந்தது. எனக்கு அங்க போகும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

பனைமரம்:
நாடகக் கம்பெனி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி அண்ணா. ஏத்துக்கறேன். ஆனா இன்னொண்ணும் சொல்லணும், எங்க ஊர்லயும் பாரதம் நடக்கும், ஆனா எங்க தெருவுல வரி வாங்க மாட்டாங்க. வரி வாங்கலன்னா என்ன அர்த்தம்னு கிராமத்துக்காரங்களுக்குப் புரியும், உபயம் எழுத முடியாது, முன்னாடி உக்கார முடியாது. எங்க அப்பா ரோட்டோரமா நின்னுதான் கூத்து பாத்திருக்காரு. காசு குடுக்குறவன் கையில கலை இருந்தா யாரு பாக்கணும்னும் அவன்தானே முடிவு பண்றான். நன்கொடை நல்லதுன்னு பேசும்போது இதையும் சேத்துப் பேசணும், அதனாலதான் டிக்கெட்னு சொன்னேன், டிக்கெட்டுக்குத் தெரு கிடையாது.

செய்யாத்துக்காரன்:
இது எனக்கு உறைக்குது பனைமரம். எங்க ஊர்லயும் அப்படி ஒரு தெரு இருக்கு, நான் எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரல, அதுதான் தப்பு. இப்ப பசங்களுக்கு ஏதாவது செய்யப்போறோம்னா எல்லாத் தெரு பசங்களும் உக்காந்து ஒண்ணா சாப்பிடுற மாதிரி இருந்தாதான் நான் இதுல இறங்குவேன்.

முகவீணை:
வணக்கம். நான் எப்பவும் படிக்க மட்டும்தான் செய்வேன், இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு. நான் கூத்துப் பள்ளியில தங்கிப் படிச்ச பொண்ணு. பேரு வேணாம்.

ஏழு வயசுல போனேன். எங்க வீட்ல தறி, அப்பாவுக்குக் கடன். அங்க தங்குறது, சாப்பாடு, துணி, நோட்டு எல்லாம் இலவசம். காலையில அடவு, அப்புறம் ஸ்கூல் பாடம், சாயங்காலம் பாட்டு. எனக்கு முதல்ல குடுத்தது ஸ்திரீ வேஷம்தான், பதினாலு வயசுல கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடுற கட்டைவேஷம் கேட்டேன், வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு அவரே புஜக்கட்டையைத் தூக்கி என் தோள்ல கட்டினார். கயிறு இறுக்கினது ரெண்டு நாள் சிவப்பா இருந்துச்சு. பொம்பளைப் புள்ள துரியோதனன் ஆடுறதான்னு எங்க ஊர்ல கேட்டாங்க, கேட்டவங்களே முதல் வரிசையில வந்து உக்காந்தாங்க.

நன்கொடை பத்தி பேசுறீங்க இல்ல, உள்ளேருந்து பாத்ததைச் சொல்றேன். எங்களுக்கு நிறைய பேர் குடுத்தாங்க. பொறந்த நாளுக்கு வந்து பிரியாணி போடுவாங்க, ஒரே நாள்ல மூணு குடும்பம் வந்துச்சுன்னா மூணு கேக்கு. நல்ல மனசுதான், குறை சொல்லல. ஆனா ஆடி மாசம் கணக்கு வாத்தியார் சம்பளம் குடுக்க முடியாம நின்னுட்டார், எட்டாவது படிச்ச நாங்க நாலு மாசம் கணக்குப் பாடமே இல்லாம இருந்தோம். சம்பளத்துக்குன்னு யாரும் குடுக்க மாட்டாங்க. கட்டடம் கட்டித் தர்றேம்பாங்க, கல்வெட்டு வெக்கலாம், கரண்ட் பில்லுக்கு கல்வெட்டு வெக்க முடியாதே. ஒரு பெரிய எடம் மூணு வருஷம் நல்லா உதவி பண்ணாங்க, மூணாவது வருஷ முடிவுல இனிமே நீங்களே உங்க கால்ல நில்லுங்கன்னு நிறுத்திட்டாங்க. ஒரு புள்ள கட்டைவேஷத்துக்கு ராத்திரி முழுக்க தாங்குற அளவுக்கு வர எட்டு பத்து வருஷம் ஆகும். மூணு வருஷத்துல நாங்க அப்பதான் காலைத் தாளத்துல வெக்கக் கத்துக்கிட்டு இருந்தோம்.

ஹார்மோனியப்பெட்டி:
அம்மாடி, நீ எழுதினது இந்த இழையிலேயே முக்கியமானது. இன்னும் எழுதும்மா.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து குருகுலம்னு ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு, 2002லேருந்து 2020 வரைக்கும். பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்தினாங்க. 1990ல கலைஞர்களுக்குன்னு கட்டைக்கூத்து சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடம். ராஜகோபால் சின்ன வயசுலயே பள்ளியை விட்டுட்டு அப்பா ஜமாவுக்கு ஆடப் போனவர். ராத்திரி முழுக்க ஆடிட்டு காலையில பள்ளிக்கூடம் போக முடியாது, அதனால கூத்தா படிப்பான்னு ஒரு புள்ள தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை வரக்கூடாதுன்னுதான் ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சாங்க. பொம்பளைப் புள்ளைங்களையும் சேத்தாங்க, பரம்பரையா ஆம்பளைங்க மட்டும் ஆடின கலையில அது சின்ன விஷயம் இல்ல. அங்க படிச்சவங்க சிலர் இன்னிக்கு தொழில்முறையா ஆடுறாங்க. பதினெட்டு வருஷம் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியை நன்கொடையில நடத்துறதுன்னா என்னன்னு நினைச்சுப் பாருங்க.

சம்பளம்னு அந்தப் பொண்ணு சொன்னதும் சென்னை நாடகக் குழு கூத்துப்பட்டறை ஞாபகம் வந்துச்சு. ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்சது. முதல்ல பத்து வருஷம் போல நடிகருங்க ஆபீஸ் முடிச்சுட்டு சாயங்காலம் வந்து ஒத்திகை பாத்தவங்கதான். 80கள் கடைசியில ஃபோர்டு பவுண்டேஷன் உதவி வந்தப்புறம்தான் முழுநேர நடிகர்னு மாசச் சம்பளத்துக்கு ஆள் வெக்க முடிஞ்சுது. காலையில வந்து உடம்புப் பயிற்சி, குரல் பயிற்சி, சிலம்பம், கூத்து அடவு. தெருக்கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப தம்பிரான் வந்து சொல்லிக்குடுத்தார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம்னு அங்கேருந்து வந்தவங்களை இன்னிக்கு ஊருக்கே தெரியும், விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதுற வேலையில இருந்து நடிப்பைப் பாத்தவர். இது எல்லாத்துக்கும் அடியில இருக்குறது என்னன்னா, ஒரு நடிகன் நாள் பூரா வேற வேலைக்குப் போகாம பயிற்சி எடுக்க யாரோ சம்பளம் குடுத்தாங்க. அவ்வளவுதான்.

மெல்பர்ன் மல்லி:
நான் ஆஸ்திரேலியாவுல இருக்கேன், சொந்த ஊர் வந்தவாசி. இதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. முகவீணை, உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கும்மா. நான் மாசாமாசம் அனுப்புறேன், வாத்தியாருக்கு நேரா அனுப்பலாமா, ட்ரஸ்ட் மாதிரி ஏதாவது வேணுமா? சில வருஷம் முன்னாடி ஒரு சின்ன கலைக்குழுவுக்கு அனுப்பப் போயி பேங்குல திரும்பி வந்துடுச்சு, ஏன்னே சொல்லல.

கணக்குப்பிள்ளை:
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், ட்ரஸ்ட் கணக்குங்க நிறைய பாக்குறேன், தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மல்லி மேடம், முதல்ல உங்க பாஸ்போர்ட் எது? இந்திய பாஸ்போர்ட்டா இருந்து உங்க சொந்த சேமிப்புலேருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பணம்னு கணக்குல வராது, சாதாரண நன்கொடைதான். ஆஸ்திரேலிய குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, அது வெளிநாட்டு நன்கொடை, வாங்குற ட்ரஸ்ட்டுக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல, அதான் எஃப்சிஆர்ஏ, பதிவோ முன் அனுமதியோ இருந்தே ஆகணும். சின்னக் குழுவுக்கு அந்தப் பதிவு கிடைக்கிறது லேசுல நடக்காது, மூணு வருஷம் நடத்தியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் வேலைக்குன்னு செலவு பண்ணியிருக்கணும். 2020ல சட்டத்தை இன்னும் இறுக்கினாங்க, பணம் டெல்லியில எஸ்பிஐயோட ஒரே ஒரு கிளைக்குத்தான் வரணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முன்னாடி 50 வரைக்கும் விட்டாங்க. இதை எல்லாம் விட அடிச்சது எதுன்னா, பெரிய ட்ரஸ்ட் வாங்கி சின்ன ட்ரஸ்ட்டுக்குப் பிரிச்சுக் குடுக்குறதை அடியோட தடுத்துட்டாங்க. கிராமத்துக் குழுங்களுக்கு வெளிநாட்டுப் பணம் அந்த வாய்க்கால்லதான் வந்துக்கிட்டு இருந்துச்சு.

உள்ளூர்க்காரங்களுக்கு வருமான வரியில 80ஜி சலுகை இருக்கு, பாதித் தொகைக்கு வரிவிலக்கு, 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா கிடையாது. ஆனா புது வரி முறையில 80ஜியே இல்ல, இப்ப சம்பளக்காரங்க முக்காவாசி அதுலதான் இருக்காங்க. ரெண்டு வருஷமா என்கிட்ட வர்ற ட்ரஸ்ட்காரங்க மார்ச் மாச நன்கொடை கொறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க, அது ஒரு காரணமா இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

ஆனா நல்ல சேதி ஒண்ணு, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. வருஷ லாபம் 5 கோடி தாண்டுற கம்பெனி சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆர்னு சமூகப் பணிக்கு செலவு பண்ணியாகணும், அந்தப் பட்டியல்ல பாரம்பரியக் கலை வளர்ப்பும் இருக்கு, கல்வியும் இருக்கு. இன்னொரு பக்கம், விருது விழா, டிவி ஸ்பான்சர் மாதிரி ஒரு தடவை நிகழ்ச்சியெல்லாம் சிஎஸ்ஆர் கணக்குல சேராதுன்னு 2014லயே சுற்றறிக்கை போட்டாங்க. அதாவது மேடைக்கு ஃப்ளெக்ஸ் வெச்சு ஸ்பான்சர் பண்றதை விட, புள்ளைங்களுக்கு வருஷம் பூரா பயிற்சி, சோறு, வாத்தியார் சம்பளம்னு குடுக்குறதுக்குத்தான் சட்டத்துல எடம் ஜாஸ்தி. செய்யாத்துக்காரன் சார், ஒரகடத்துல உங்களைச் சுத்தி கம்பெனிதானே இருக்கு?

செய்யாத்துக்காரன்:
எங்க கம்பெனியிலயே சிஎஸ்ஆர் இருக்கு சார், வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக்கு டாய்லெட் கட்டித் தருவாங்க. எச்.ஆர். மேடத்துக்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. வாத்தியார்கிட்ட ட்ரஸ்ட்டெல்லாம் கிடையாது, ஜமா பேர்ல ஒரு பேங்க் புக் கூட இல்ல, வெத்தலை பாக்கோட வர்ற முன்பணம்தான் கணக்கு.

கணக்குப்பிள்ளை:
அப்ப சிஎஸ்ஆருக்கு இப்போதைக்கு வழி இல்ல, பதிவு பண்ணி மூணு வருஷமாவது நடத்தின ட்ரஸ்ட்டா இருக்கணும். ட்ரஸ்ட் இன்னிக்கு பதிவு பண்ணுங்க, அது ஓடட்டும். அது வரைக்கும் உபயத்தை நம்புங்க, உபயத்துக்கு ஃபார்ம் தேவையில்ல. பத்திரம் எழுதுற வேலையை நான் பாத்துக்கறேன், ஃபீஸ் வேணாம்.

பனைமரம்:
கொரோனா சமயம் ஞாபகம் வருது. 2020 பங்குனியில லாக்டவுன் போட்டாங்க, பங்குனி சித்திரை வைகாசி மூணும் அவங்களுக்கு அறுவடை மாசம். அடுத்த வருஷமும் அதேதான். எங்க பக்கம் மத்தளக்காரர் ஒருத்தர் செங்கல் சூளைக்குப் போனார், கையில கொப்புளம், அந்தக் கையால வாசிக்கணுமேன்னு துணி சுத்திக்கிட்டு கல்லு தூக்கினார். சுமனசா பவுண்டேஷன்லேருந்து கலைஞர்களுக்கு நிதி திரட்டிக் குடுத்தாங்க, நிறைய தனி ஆளுங்களும் குடுத்தாங்க, அது பல பேர் வீட்ல அடுப்பு எரிய வெச்சுது. அரசாங்கத்துல நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007லேருந்து இருக்கு, பதிவு பண்ணாதவங்கதான் அப்ப ரொம்ப திண்டாடினாங்க. முதல்ல உங்க வாத்தியார் ஜமா முழுசும் வாரியத்துல இருக்கான்னு பாருங்க. டிக்கெட்னு ஆரம்பிச்சவன் நான், இப்ப மாசம் ஐந்நூறு என் பேர்ல எழுதிக்குங்க. பேர் மேடையில சொல்ல வேணாம், எங்க தெரு பசங்க ரெண்டு பேரை உள்ள சேத்துக்கணும், அது போதும்.

மெல்பர்ன் மல்லி:
நான் குடியுரிமை வாங்கிட்டேன், அதான் அன்னிக்குத் திரும்பி வந்திருக்கு, இப்பதான் புரியுது. வழி எதுவும் இல்லையா கணக்குப்பிள்ளை சார்?

கணக்குப்பிள்ளை:
இந்த ட்ரஸ்ட்டுக்கு நேரா இப்ப முடியாது மேடம், குறுக்கு வழி சொல்ல மாட்டேன், நாளைக்கு வாத்தியார்தான் பதில் சொல்லணும். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள கலை அமைப்புங்க இருக்கு, அவங்க நடத்துற பயிற்சிக்கு நீங்க குடுக்கலாம். இல்லைன்னா அடுத்த தடவை அங்க தமிழ்ச் சங்கத்துல விழா வெச்சா ஜமாவை முறையா விசா எடுத்துக் கூப்பிட்டு, ஆடினதுக்கு நியாயமான சம்பளம் குடுங்க. அது நன்கொடை இல்ல, கூலி.

மெல்பர்ன் மல்லி:
கேக்குறேன். சங்கத்துல சினிமா பாடகருக்கு செலவு பண்றதுல கால்வாசி போதும், இதை நான் கமிட்டியில பேசியே தீருவேன்.

முகவீணை:
ஒரு வேண்டுதல். காசு குடுக்குறவங்க கூத்தை மூணு மணி நேரமா சுருக்குங்க, நடுவுல சினிமாப் பாட்டு போடுங்கன்னு கேக்காம இருந்தா நல்லது. எங்க பள்ளியில ஒருத்தர் குடுக்கும்போதே படுகளத்துல திரௌபதி கூந்தல் முடியிற கட்டத்தை முதல்ல வெச்சுட முடியுமா, சீக்கிரம் கெளம்பணும்னார். வாத்தியார் காசைத் திருப்பிக் குடுத்துட்டார், அன்னிக்கு எங்களுக்கு ரசம் சோறுதான், ஆனா அந்த ராத்திரி நாங்க ஆடின மாதிரி என்னிக்கும் ஆடல.

அப்புறம், நான் ஞாயித்துக்கிழமை வந்து சொல்லித்தர ரெடி. பஸ் காசு மட்டும் குடுங்க. பொம்பளைப் புள்ளைங்க வந்தா அவங்க அம்மாகிட்ட நானே பேசுறேன்.

செய்யாத்துக்காரன்:
நேத்து ஊருக்குப் போயிட்டு வந்தேன், அதான் ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. வாத்தியார்கிட்ட உக்காந்து கணக்கு போட்டோம். ஆறு புள்ளைங்க, மூணு மாசம், மதியமும் ராத்திரியும் சாப்பாடு, வாத்தியாருக்கும் மத்தளக்காரருக்கும் சம்பளம், முகவீணை அக்காவுக்கு பஸ் காசு. இங்க தனிச்செய்தியில சொன்னவங்களையும் சேத்து பதினோரு பேர் மாசாமாசம் தர்றதா இருக்கீங்க, அதுல பாதிக்கு மேல வந்துடும். மீதிக்கு நேரா கோயில் தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். பாரதத்துக்கு பத்து ராத்திரி உபயம் எழுதுறீங்களே, பதினோராவதா புள்ளைங்க பயிற்சின்னு ஒரு உபயம் எழுதுங்க, ராத்திரி கூத்துல கட்டியங்காரன் அதையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்னேன். எல்லாத் தெரு பசங்களும் உண்டுன்னும் முதல்லயே சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தார். யோசிக்கிறேன்னு சொல்லல, முடியாதுன்னும் சொல்லல, "கூட்டத்துல வை"ன்னார். ஆவணி கடைசியில ஊர்க்கூட்டம்.

வாத்தியார் ஒண்ணே ஒண்ணு கேட்டார், பழைய மத்தளத்துல வலந்தலை, அதான் வலது பக்கத் தோல், கிழிஞ்சு கிடக்கு, புள்ளைங்க பழக அதுக்குப் புதுத் தோல் மூட்டணுமாம்.

பனைமரம்:
மூட்டுறவர் எங்க ஊர்லயே இருக்கார், அதே செங்கல் சூளைக்குப் போனவரோட அண்ணன். சனிக்கிழமை மத்தளத்தை பஸ்ல ஏத்தி விடுங்க, ஸ்டாண்டுல நான் நிக்கிறேன்.